உடல் அதிருப்தி (வளரிளம் பெண்கள்)

உடல் அதிருப்தி என்பது ஒருவர் தம் உடலின் எடை, வடிவம், நிறம் முதலியவற்றைக் குறைவுடையனவாக மதிப்பிடும் மனநிலை. உளவியலில் இது உடற்படிமத்தின் மதிப்பீட்டுக் கூறாக வகைப்படுத்தப்படுகிறது. இது தனி மனநோய் அன்று. உணவுக் கோளாறுகளுக்கும் மனச்சோர்வுக்கும் உரிய இடர்க் காரணி.

காரணிகள்: பருவமடையும்போது இடுப்பு, தொடைப் பகுதிகளில் கொழுப்பு சேர்வது இயல்பான வளர்ச்சி. மெலிந்த உடலே அழகு என்னும் அளவுகோலை உள்வாங்கிய சிறுமியருக்கு அது குறையாகத் தோன்றுகிறது. பிறருடன் ஒப்பிடும் பழக்கம், தாழ்ந்த தன்மதிப்பு, மிகை நிறைவு நாட்டம், உருவக்கேலி ஆகியவை அதிருப்தியைக் கூட்டுகின்றன. தெற்காசியாவில் தோல் நிறமும் முக்கியக் காரணி.

கோட்பாடுகள்: லியோன் ஃபெஸ்டிங்கரின் சமூக ஒப்பீட்டுக் கோட்பாடு (1954) இத்துறைக்கு அடிப்படையானது. பார்பரா ஃபிரெட்ரிக்சன், டோமி-ஆன் ராபர்ட்ஸ் ஆகியோரின் பொருளாக்கக் கோட்பாடு (1997), பெண்கள் தம்மைப் பிறர் பார்வையிலிருந்து கண்காணிக்கப் பழகுவது வெட்கத்தையும் பதற்றத்தையும் விளைவிப்பதாக விளக்குகிறது. கெவின் தாம்சன் குழுவினரின் மும்முனைத் தாக்க மாதிரி (1999) பெற்றோர், ஒத்த வயதினர், ஊடகம் ஆகிய மூன்றையும் தாக்க மூலங்களாகக் கொள்கிறது.

கள ஆய்வு: பருத்த உடலை மதிக்கும் மரபுள்ள ஃபிஜியின் நத்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. அங்குள்ள பள்ளி மாணவியரை ஆன் பெக்கர் குழுவினர் 1995இலும் 1998இலும் ஆய்ந்தனர். உணவு மனப்பான்மைச் சோதனையில், உணவுக் கோளாற்று இடரைக் குறிக்கும் உயர் மதிப்பெண் பெற்ற மாணவியர் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடாக உயர்ந்தனர். இரு கட்டங்களிலும் பங்கேற்றோர் வெவ்வேறு மாணவியர். ஆகவே முடிவுகள் தொடர்பைக் காட்டுமேயன்றி, காரணத்தை நிறுவா.

தடுப்பு: ஊடக எழுத்தறிவுப் பயிற்சி, மெலிவு இலட்சியத்தை மாணவியரே மறுத்து வாதிடும் முரண்பாட்டு அணுகுமுறை ஆகியவை கையாளப்படுகின்றன.