தொகுப்பு மேம்படுத்தும் ஷெல் ஸ்கிரிப்ட்

யூனிக்ஸ் வகைக் கணினிகளில் பழைய பதிப்பில் நிற்கும் மென்பொருள் தொகுப்புகளைப் புதுப்பிக்கும் கட்டளைகளை ஒரே கோப்பில் எழுதி, கிரான் மூலம் குறித்த நேரத்தில் இயக்கும் முறை. டெபியன் லினக்ஸில், 1999-இல் வந்த 2.1 பதிப்பு முதல் உள்ள ஆப்ட்-கெட் நிரலை இருமுறை அழைப்பதே இதன் சாரம். ‘அப்டேட்’ எதையும் நிறுவாது. களஞ்சியப் பட்டியலை மட்டும் இறக்கிவைக்கும். நிறுவுவது ‘அப்கிரேட்’. இணையம் அறுந்து பட்டியல் இறங்காவிட்டாலும், ‘அப்டேட்’ வழக்கமாக ஓர் எச்சரிக்கையோடு வெற்றி என்றே திரும்பும். பழைய பட்டியலை நம்பி ஸ்கிரிப்ட் மேலே ஓடும்.

பெரிய தொல்லை கேள்விகள்தான். நிர்வாகி கையால் திருத்திய அமைப்புக் கோப்புக்குப் புதிய வடிவம் வந்தால், எதை வைத்துக்கொள்வது என்று, தொகுப்பை நிறுவும் அடிநிலை நிரலான டிபிகேஜி கேட்கும். நள்ளிரவில் பதில் சொல்ல ஆளில்லை. தொகுப்பு அரைகுறையாக நிற்கும். ‘டெபியன்_ஃபிரண்ட்எண்ட்’ மாறியை ‘நான்இன்டராக்டிவ்’ ஆக்கினாலும் இந்தக் கேள்வி அடங்காது. அது, தொகுப்புகளுக்கான அமைப்பு விவரங்களைக் கேட்கும் டெப்கான்ஃப் நிரலின் கேள்விகளுக்கு மட்டுமே. பழைய கோப்பே இருக்கட்டும் எனச் சொல்லும் ‘ஃபோர்ஸ்-கான்ஃப்ஓல்ட்’ விருப்பத்தையும் சேர்க்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

ஸ்கிரிப்ட் தடையின்றி முடிந்து புதிய கெர்னல் நிறுவப்பட்டாலும், மறுதொடக்கம் வரை பழையதே ஓடும்.