உடைமையில் பிறந்த கடமை

ஆங்கிலத்தில் ஒருவன் செய்யத்தக்கதைச் சுட்டுவதற்கு ‘ஆட்’ என்றொரு துணைவினை உண்டு. அதற்குத் தனியே இறந்தகால வடிவம் இல்லை. பள்ளி மாணவர் அதனை விதிக்கு அடங்காச் சொல்லென மனப்பாடம் செய்து அமைவர். ஆயின், அச்சொல்லே ஒரு காலத்தில் இறந்தகால வினையாக இருந்தது என்பதை அதன் வரலாறு காட்டுகின்றது.

பழைய ஆங்கிலத்தில் ‘ஆகன்’ என்னும் வினை வழங்கிற்று. உடையவனாயிருத்தல் என்பது அதன் பொருள். அதன் நிகழ்கால வடிவம் ‘ஓ’ எனவும், இறந்தகால வடிவமாகிய ‘ஆஹ்தெ’ என்பது ‘ஆட்’ எனவும் திரிந்தன. உடைமையையும் ஆட்சியையும் குறிக்கும் ‘ஈச்’ என்னும் வடமொழி வேர் இவ்வினைக்கு இனமானது என்பது மொழிநூலார் முடிபு. ஈசன், ஈசுவரன் என்னும் பெயர்கள் அவ்வேரினின்று கிளைத்தவையே.

உடைமை கடனானது எங்ஙனம்? 10ஆம் நூற்றாண்டில் ஆல்டிரெட் என்னும் பாதிரியார், லிண்டிஸ்பார்ன் நற்செய்தி ஏட்டின் இலத்தீன் வரிகளுக்கிடையே ஆங்கிலப் பொருள் எழுதினார். கடன்படுதலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லுக்கு, ‘செலுத்துவதற்கு உடையாய்’ என்று பொருள்பட அவ்வினையை ஆண்டார். நாளடைவில் ‘செலுத்துவதற்கு’ என்பது உதிர, எஞ்சிய உடைமைச் சொல்லே கடனைக் குறித்தது. இவ்வாறே ‘செய்வதற்கு உடையான்’ என்பது, செய்யக் கடமைப்பட்டவன் என்றாயிற்று. தமிழிலும் ‘கடன்’ என்னும் சொல் திருப்பித் தரவேண்டிய பொருளையும், ஆற்றவேண்டிய கடமையையும் ஒருங்கே குறித்தல் ஒப்புநோக்கத்தக்கது.

பழம்பொருள் உடனே மறைந்துவிடவில்லை. ஷேக்ஸ்பியர் (1564–1616) நூல்களில் ‘ஓ’ என்பது உடைமைப் பொருளிலும் வருகின்றது. ‘நான்காம் ஹென்றி’ முதற்பாகத்தில், ஒருவன் ஆயிரம் பவுன் கடன்பட்டிருந்ததைக் கூறுமிடத்து ‘ஆட்’ என்பது இறந்தகால வினையாகவே நிற்கின்றது. இன்றைய பொருளை ஏற்றிப் படிப்போர், உடையவனைக் கடனாளியாக்கி மயங்குவர்.

பின்னர் உடைமைப் பொருளை, அதே வேரினின்று வந்த ‘ஓன்’ என்னும் வினை ஏற்றது. ‘ஓ’ கடனுக்கே உரியதாகி, விதிப்படி அமைந்த புதிய இறந்தகாலத்தைப் பெற்றது. ‘ஆட்’ தாய்வினையைப் பிரிந்து, கடமையை மட்டும் உணர்த்தி நின்றது. கட்டளையின் கடுமையைத் தணித்துரைக்க இறந்தகால வடிவை ஆளும் ஆங்கில வழக்கும் அதற்குத் துணையாயிற்று; ‘ஷுட்’ என்பதும் அத்தகையதே.

ஏனைய துணைவினைகள் பல அடுத்த வினையோடு நேரே சேர, ‘ஆட்’ மட்டும் ‘டு’ என்னும் இடைச்சொல்லை இன்றும் வேண்டி நிற்கின்றது. ‘செய்வதற்கு உடையான்’ என்ற பழந்தொடரின் சுவடு அது. விதிவிலக்கென ஒதுக்கப்படும் வடிவங்களிலேயே மொழியின் பழைய விதிகள் உறைந்து கிடக்கின்றன.