‘தொடரும்’ என்று அச்சிட்ட பிறகு

குன்றாண்டார்கோவிலில் என் அத்தை வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. அதற்குள் பதினோரு பைண்டு புத்தகங்கள். எல்லாம் வார இதழ்களிலிருந்து கிழித்துச் சேர்த்த தொடர்கதைகள். இதழ் வந்ததும் அத்தை நடுவிலுள்ள கம்பியை மெல்ல நிமிர்த்தி, தாள் கிழியாமல் அத்தியாயத்தை மட்டும் உருவி எடுத்து, தலையணைக்கடியில் வைத்துக்கொள்வார். கதை முடிந்ததும் கட்டாகக் கட்டிப் புதுக்கோட்டைக்கு அனுப்பினால் கலிக்கோ முதுகுடன் புத்தகமாகத் திரும்பி வரும். குடைவரைக்கு முன்னால் தேர்போலக் கட்டப்பட்ட கல்மண்டபத்தின் தூணில் சாய்ந்து, பள்ளி விடுமுறைகளில் நான் அவற்றைப் படித்திருக்கிறேன். என் இலக்கியக் கல்வி பல்கலைக்கழகத்தில் தொடங்கவில்லை, அங்கேதான் தொடங்கியது.

பதினோராவது புத்தகத்துக்கு முடிவில்லை. இருபத்திரண்டாம் அத்தியாயத்தில், கதாநாயகி ஒரு கடிதத்தைப் பிரிக்கப்போகும் இடத்தில், ‘தொடரும்’ என்ற சொல்லோடு அது நின்றுவிடுகிறது. அதன்கீழ் அத்தையின் பென்சில் எழுத்து: ‘அடுத்த வாரம் வரவில்லை.’ இதழே நின்றுபோயிருந்தது. இரண்டு மாதம் காத்திருந்துவிட்டு, அரைகுறையாகவே பைண்டு செய்யக் கொடுத்திருக்கிறார்.

இந்தப் புத்தகம் மீண்டும் நினைவுக்கு வரக் காரணம் என் வகுப்பு மாணவர் ஒருவர். ஜப்பானிய அசைபடங்களில் தீராத மோகம் கொண்டவர். 2007 செப்டம்பரில் ஜெனியான் என்ற நிறுவனம் அமெரிக்காவில் தன் விநியோகத்தை நிறுத்திக்கொண்டதையும், பல தொடர்களின் குறுந்தட்டுகள் பாதி வரிசையோடு நின்றுபோனதையும், மறு ஆண்டு ஃபனிமேஷன் நிறுவனம் அவற்றில் சிலவற்றை ஏற்று வெளியிட்டதையும் அவர் ஏதோ குடும்பச் சொத்து வழக்கைச் சொல்வதுபோல் விவரித்தார். அந்த ஆண்டில் அவர் கைக்குழந்தை. ‘முதல் மூன்று தட்டு வாங்கினவங்க நாலாவதுக்கு எங்க போவாங்க, சார்?’ என்று கேட்டார். சிரித்துவிட்டேன். பிறகு அத்தையின் பென்சில் எழுத்து நினைவுக்கு வந்தது. இந்த ஆற்றாமை நமக்குப் புதிதன்று. தமிழில் நாவல் எந்த வயதோ, ஏறக்குறைய அதே வயதுதான் இதற்கும்.

1892இல் சி.வி. சுவாமிநாதையர் ‘விவேக சிந்தாமணி’ என்ற மாத இதழைத் தொடங்கினார். அதில் இருபது வயது இளைஞர் ஒருவர் ‘சாவித்திரி சரித்திரம்’ என்ற கதையை எழுதலானார். பெண்ணொருத்தி தன் வாழ்வைத் தானே சொல்வதாக அமைந்த கதை. பால்ய விவாகம், வைதவ்யம் என அக்கால அக்கிரகாரம் உரக்கப் பேச விரும்பாத விஷயங்கள் அதன் பொருள். எழுதியவர் அ. மாதவையா. சில பகுதிகள் வெளிவந்தபின் தொடர் நின்றுவிட்டது. மறு ஆண்டு அதே இதழில் பி.ஆர். ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ தொடங்கி 1895 வரை வந்தது. ஆக, தமிழின் முதல் தொடர்கதைகளைப் படித்தவர்கள், முழுதாக ஒன்றைப் பெறும் முன்பே பாதியில் நின்ற ஒன்றைக் கண்டுவிட்டார்கள். ‘கமலாம்பாள்’ தொடங்கியபோது, இதுவாவது முடியுமா என்று அவர்களில் சிலரேனும் நினைத்திருப்பார்கள். நான் அவர்களுள் ஒருவனாக இருந்திருந்தால் நிச்சயம் நினைத்திருப்பேன்.

மாதவையா விட்டுவிடவில்லை. 1903இல் அந்தக் கதையை முடித்து ‘முத்துமீனாட்சி’ என்ற பெயரில் நூலாக்கினார். இடையில் பதினொரு ஆண்டுகள். கதை கேட்ட பெண்ணுக்குக் குழந்தை பிறந்து அது பள்ளிக்கூடம் போகும் காலம். இலக்கிய வரலாறுகள் ‘முத்துமீனாட்சி’யை 1903க்கு உரிய நாவலாகவே பட்டியலிடுகின்றன, அது நின்றுபோன ஒரு தொடரின் மறுபிறப்பு என்பதைப் பெரும்பாலும் அடிக்குறிப்பில் தள்ளிவிடுகின்றன. எனக்கு அந்த அடிக்குறிப்பே முக்கியமாகப் படுகிறது. இதழ் நிறுத்தினாலும் எழுத்தாளன் தன் கடனை மறக்கவில்லை என்பதற்கு அதுதானே சான்று.

ஆனால் விதி அவரை வேறுவிதமாகவும் சோதித்தது. ‘பத்மாவதி சரித்திர’த்தின் முதல் பாகம் 1898இலும் இரண்டாம் பாகம் 1899இலும் வந்தன. மூன்றாம் பாகத்தை அவர் எடுத்தது கால் நூற்றாண்டு கழித்து, 1924இல் தாமே ‘பஞ்சாமிர்தம்’ இதழைத் தொடங்கியபோது. இந்தமுறை நிறுத்துவதற்கு வேறொரு பத்திராதிபர் இல்லை, இதழ் அவருடையது. 1925 அக்டோபர் 22 அன்று சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிமன்றத்தில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசி அமர்ந்தவர் அங்கேயே உயிர்நீத்தார். மூன்றாம் பாகம் முடியவில்லை.

இந்த இரண்டு நிறுத்தங்களையும் வாசகர் ஒன்றாகப் பார்ப்பதில்லை. மரணத்தோடு யாரும் வழக்காடுவதில்லை. உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940 ஜனவரி முதல் ஆனந்த விகடனில் வந்து, 1942 ஏப்ரல் 28 அன்று அவர் காலமானதால் 122 அத்தியாயங்களோடு நின்றது. சங்க நூற்பதிப்புகளில் பெரும்பகுதியின் கதையை அவர் வாயால் கேட்கும் வாய்ப்பை நாம் இழந்தோம். அந்த இழப்பு பெரிதுதான், ஆனால் அதற்காக யாரும் கோபிக்கவில்லை. கி.வா. ஜகந்நாதன் பின்னாளில் ‘என் ஆசிரியப்பிரான்’ எழுதி எஞ்சிய காலத்தைச் சொன்னார். கல்கி 1954 டிசம்பரில் மறைந்தபோது ‘அமரதாரா’ பாதியில் நின்றது. மகள் ஆனந்தி அதை முடித்துவைத்தார். எதிர்ப்பால் நின்ற கதைக்கும் ஒரு நியாயம் உண்டு. சுஜாதாவின் ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ குமுதத்தில் தொடங்கிய சில வாரங்களில் எதிர்ப்பு கிளம்பி நிறுத்தப்பட்டது. பின்னர் ‘ரத்தம் ஒரே நிறம்’ என்று மாற்றி எழுதப்பட்டது. ஏன் நின்றது என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. அத்தையின் பதினோராவது புத்தகத்துக்கு அப்படி ஒரு காரணமும் வந்து சேரவில்லை. எரிச்சலின் வேர் அங்கேதான் இருக்கிறது. முடிவு தெரியாததை விட, முடிவு வராது என்று சொல்லப்படாததே வாசகனை அதிகம் வதைக்கிறது.

இதுவரை நான் வாசகன் பக்கமிருந்தே பேசிவிட்டேன். மறுபக்கத்தைப் பார்க்கக் கும்பகோணத்துக்குப் போக வேண்டும்.

கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்த ம.வீ. இராமானுஜாசாரியார், மகாபாரதம் முழுவதையும் தமிழ் உரைநடையில் கொண்டுவரத் துணிந்தார். வடமொழி வல்லுநர்கள் பலரைக் கொண்டு மொழிபெயர்க்கச் செய்து, தாமே பதிப்பித்து, சஞ்சிகை சஞ்சிகையாக வெளியிட்டார். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் தொடங்கிய வேலை 1932இல்தான் முடிந்தது. பதினெட்டுப் பருவங்கள், ஆயிரக்கணக்கான பக்கங்கள், ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள்.

சஞ்சிகை வெளியீடு எப்படி நடந்தது என்பதை இன்றைய வாசகருக்குச் சற்று விளக்க வேண்டும். ஒரு பெரிய நூலை மொத்தமாக அச்சிடப் பதிப்பாளரிடம் முதல் இருக்காது. மொத்தமாக வாங்க வாசகரிடமும் பணம் இருக்காது. எனவே சிறு பகுதிகளாக அச்சிட்டுச் சந்தாதாரர்களுக்கு அனுப்புவார்கள். ஒரு பகுதியின் வரவில் அடுத்த பகுதிக்குக் காகிதம் வாங்குவார்கள். வி.பி.பி.யில் அனுப்பியதைச் சந்தாதாரர் வாங்க மறுத்தால் தபால் செலவும் பதிப்பாளர் தலையில். முதல் பகுதியை ஆர்வத்தோடு வாங்கியவர்களில் ஒரு பங்கினர் ஐந்தாவதில் இருக்கமாட்டார்கள். பத்தாவதில் இன்னும் பலர் கழன்றிருப்பார்கள். இருபத்தைந்து ஆண்டுகளில் விலகியவர் போக, மறைந்தவர் எத்தனை பேர்! சந்தா குறையக் குறைய ஒரு படிக்கு ஆகும் அடக்கம் ஏறும். இராமானுஜாசாரியார் கடன்பட்டும் நன்கொடை கேட்டு அலைந்தும் அதை முடித்தார். அவர் ஆறாம் பருவத்தில் நிறுத்தியிருந்தால், ‘பாதியில் விட்டுவிட்டார்’ என்று நாம் அவரைத்தான் சொல்லியிருப்போம். பாதியில் விட்ட சந்தாதாரர்களைப் பற்றி ஒரு வரியும் எழுதியிருக்கமாட்டோம்.

என் மாணவரின் குறுந்தட்டுக் கணக்கும் இதேதான். முதல் தட்டு விற்ற அளவுக்கு நான்காவது விற்காது; உரிமைத்தொகையோ எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தரப்பட்டுவிட்டது. அவரிடம் இதைச் சொன்னபோது முகம் சுருங்கிவிட்டது. ‘அப்ப முழுசா வந்தப்புறம் வாங்கலாம்னு காத்திருக்கிறவங்கதான் அதைக் கொல்றாங்களா?’ என்றார். அப்படியும் சொல்லலாம். ஆனால் ஏமாந்தவன் அடுத்தமுறை காத்திருந்து பார்ப்பதைக் குற்றம் என்று எப்படிச் சொல்வது? நானே அந்தக் குற்றவாளி. முதுகலை படித்த நாட்களில் மு. அருணாசலத்தின் நூற்றாண்டு முறையிலான இலக்கிய வரலாறு ஒன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிப் பதினாறாம் நூற்றாண்டோடு நிற்பதைக் கண்டு, பதினேழாவது இல்லாமல் இதை வாங்கி என்ன பயன் என்று பழைய புத்தகக் கடையில் திரும்ப வைத்துவிட்டு வந்தேன். திருச்சிற்றம்பலம் என்ற சிற்றூரிலிருந்து, தம் காந்தி வித்தியாலயத்தின் வழியே, பெரும்பாலும் தனி மனித உழைப்பில் வந்த நூல்வரிசை அது. அன்று எனக்கிருந்த அறிவு அவ்வளவுதான்.

படக்கதை வாசகர்கள் என்னைவிட மேலானவர்கள். தமிழ் அறிஞர்கள் திரும்பியும் பார்க்காத உலகம் அது. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் தோன்றின. லயன் வெளியிட்டவற்றுள் ‘இரத்தப் படலம்’ தனி வகை. வான் ஹாம் எழுத வில்லியம் வான்ஸ் வரைந்து, பிரெஞ்சில் 1984இல் தொடங்கிய ‘பதின்மூன்று’ என்னும் வரிசையின் தமிழ் வடிவம். நினைவை இழந்த ஒருவன், தோள்பட்டையருகே பச்சை குத்தப்பட்ட ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, தான் யார் என்று தேடுகிறான். ஒவ்வொரு பாகத்திலும் ஒரு பெயர் கிடைக்கும். அடுத்த பாகத்தில் அது பொய்யாகும். இந்தக் கதையைப் போய் ஆண்டுக்கணக்கான இடைவெளிகளோடு படிப்பதென்றால்! மூல வரிசையின் முதற்சுற்றே 2007இல்தான் முடிந்தது. அதற்குள் தமிழ் இதழ்களின் வருகையும் ஒழுங்கு தப்பியிருந்தது. எட்டாம் வகுப்பில் முதல் பாகம் படித்தவர்கள் மீசை நரைக்கும்வரை அந்த மனிதனின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் கோபப்பட்டார்கள், கடிதம் எழுதினார்கள், கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதோடு, முன்பதிவுக்குப் பணமும் கட்டினார்கள். 2010இல் பதினெட்டுப் பாகங்களும் கறுப்பு வெள்ளையில், எண்ணூறு பக்கங்களைத் தாண்டிய ஒரே தொகுதியாக வந்தன. 2018இல் வண்ணப் பதிப்பும் வந்தது. ஏற்கெனவே படித்து, முடிவும் அறிந்த கதையை மறுபடியும் வாங்கினார்கள். இராமானுஜாசாரியாருக்குக் கடைசிவரை கிடைக்காத சந்தாதாரர்கள் இவர்கள் என்று தோன்றுகிறது. பேராசிரியர்கள் இதை இலக்கிய வரலாற்றில் சேர்க்கமாட்டார்கள். அதனால் நான் வகுப்பில் சேர்த்துச் சொல்கிறேன்.

அத்தைக்கு வருகிறேன். நின்றுபோன இதழ்களின் பழைய பிரதிகள் புதுக்கோட்டையிலேயே கிடைக்கக்கூடும். கிருஷ்ணமூர்த்தி – டோரதி தம்பதியர் உருவாக்கிய ஞானாலயா நூலகத்தில் இல்லாத இதழ்கள் குறைவு. போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, ‘கடைசி இதழ் எதுவென்று பார்த்துவிட்டு வரட்டுமா, ஒருவேளை உங்களுக்கு ஒரு வாரம் தப்பியிருந்தால்?’ என்று கேட்டேன்.

‘அந்தக் கடுதாசில என்ன இருந்துச்சுன்னு ஒங்களுக்கெல்லாம் எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன், மறந்துட்டியா தம்பி?’ என்றார்.

மறக்கவில்லை. கடிதம் கதாநாயகியின் அண்ணனிடமிருந்து வந்தது. அவன் சிங்கப்பூரில் உயிரோடு இருக்கிறான். அடுத்த கப்பலில் வருகிறான். திருமணம் வைகாசியில். சிறுவயதில் இதைக் கதையின் பகுதியாகவே நம்பியிருந்தேன். அச்சிட்ட இருபத்திரண்டு அத்தியாயங்களையும் பின்னாளில் நிதானமாகப் படித்தபோதுதான், அதில் அண்ணன் என்று ஒருவனே இல்லை என்பதைக் கவனித்தேன்.

‘சரி, நீ போறதுன்னா பாத்துட்டு வா’ என்றார் அத்தை, சற்றுக் கழித்து. ‘ஆனா நிறுத்துறோம்னு ஒரு வரி போட்டிருந்தானான்னு மட்டும் பாரு.’

இன்னும் போகவில்லை. கல்லூரித் தேர்வுகள் முடிந்ததும் போகவேண்டும்.