நொய்யரிசி அளவு அயோடின்

அயோடின் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? உப்பு பாக்கெட், கழுத்துக் கழலை, முழங்காலில் சிராய்த்தால் எரிய எரியத் தடவும் டிங்ச்சர். புராஸ்டேட் புற்றுநோய்? வராது. ஆனால் அந்த சம்பந்தத்துக்கு ஐம்பது வயசு தாண்டிவிட்டது!

'அயோடின் நிறைய சாப்பிட்டால் அது வராதாமே சார்?' என்று கேட்காதீர்கள். அப்படி யாரும் நிரூபிக்கவில்லை. நான் சொல்ல வந்தது, அயோடினின் கதிர்வீசும் தம்பியைப் பற்றி. பெயர் அயோடின்-125.

1970. நியூயார்க் மெமோரியல் மருத்துவமனை. டாக்டர் வில்லட் விட்மோருக்கு ஒரு கவலை. சிறுநீர்ப்பைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் உட்கார்ந்திருக்கும் புராஸ்டேட்டை வெட்டியெடுத்தால் நோய் போகலாம்; கூடவே ஆண்மையும் பெரும்பாலும் போய்விடும். வெட்டாமல், உள்ளேயே கதிர்வீச்சை வைத்துவிட்டால்?

நாலரை மில்லிமீட்டர் நீளமுள்ள டைட்டானியக் குழல், நொய்யரிசி மாதிரி. உள்ளே அயோடின்-125. டாக்டர்கள் இதை 'சீட்' என்பார்கள், அதாவது விதை. இந்த இடத்தில் தமிழில் அப்படிச் சொன்னால் விபரீதமாகிவிடும் என்பதால், நாம் 'மணி' என்று வைத்துக்கொள்வோம்.

விட்மோர் அடிவயிற்றைத் திறந்தார். ஒரு கை விரலை ஆசனவாய்க்குள் விட்டு ஊசிமுனை எங்கே வருகிறது என்று தடவிப் பார்த்தபடி, மறு கையால் ஊசிகளைச் செருகி மணிகளை இறக்கினார். ஆமாம், வெறும் உத்தேசம்தான்! ஒரு பக்கம் மணிகள் குவிந்தன. இன்னொரு பக்கம் காலி. காலியான இடத்தில் நோய் மறுபடி தலைதூக்கியது. பத்து வருஷக் கணக்குப் பார்த்தபோது பலருக்குப் பலனில்லை. இந்த முறையையே கைவிட்டார்கள்.

தப்பு அயோடின் மேல் இல்லை, கண்ணில்லாத ஊசி மேல்தான். 1983-ல் டென்மார்க்கின் ஹான்ஸ் ஹென்ரிக் ஹோல்ம் ஊசிக்குக் கண் கொடுத்தார். ஆசனவாய் வழியே அல்ட்ராசவுண்ட் கருவி, திரையில் புராஸ்டேட், வயிற்றைக் கிழிக்காமல் கீழ்ப்பக்கத் தோல் வழியாக ஊசி. மணிகள் நினைத்த இடத்தில் விழுந்தன. பிறகு அமெரிக்காவில் சியாட்டில் டாக்டர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பரவாத, ஆரம்ப நிலைப் புற்றுக்கு இன்றும் இது ஒரு நல்ல வைத்தியம்.

விட்மோர்? குணப்படுத்தக் கூடியவர்களுக்கு வைத்தியம் அவசியம்தானா, அவசியமானவர்களைக் குணப்படுத்த முடியுமா என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தவர். 1995-ல் இறந்தார். புராஸ்டேட் புற்றுநோயில்.

மணிகளைத் திரும்ப எடுப்பதில்லை. 60 நாளில் வீரியம் பாதி, அடுத்த 60 நாளில் அதிலும் பாதி. பத்து மாதத்தில் ஏறக்குறைய சாது. அதுவரை, குறிப்பாக முதல் இரண்டு மாதம், தாத்தாக்களுக்கு டாக்டர் சொல்லும் ஒரே கஷ்டமான பத்தியம்: பேரக்குழந்தையை ரொம்ப நேரம் மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது.