நான்கு சபைகள் கண்ட ஆலயம்

கொச்சியின் மட்டாஞ்சேரி ஜூ டவுனில் 1568இல் எழுந்த பரதேசி யூத ஜெபாலயத்தைத் தரிசித்துவிட்டு மேற்கே கடற்கரையை நோக்கிச் செல்வோர், அதனினும் மூத்ததும், ஐரோப்பியர் நம் தேசத்தில் எழுப்பியவற்றுள் மிகப் பழமையானதெனப் போற்றப்படுவதுமான புனித பிரான்சிஸ் ஆலயத்தைக் காண்பார்கள்.

கொச்சி மன்னரின் அனுமதியோடு 1503இல் கோட்டை அமைத்த போர்த்துக்கீசியர், அதனுள் மரத்தால் ஒரு சிற்றாலயம் கட்டினர். பின்னர் பிரான்சிஸ்கன் துறவிகள் அதைக் கல்லாலும் சுண்ணாம்பாலும் புதுக்கி, 1516இல் புனித அந்தோணியாருக்கு அர்ப்பணித்தனர். 1524ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய நாளில் கொச்சியில் காலமான வாஸ்கோ ட காமாவை அடக்கம் செய்ததும் இங்கேதான். அவருடைய எலும்புகள் பிற்காலத்தில் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோகப்பட்டும், சமாதி இருந்த இடம் இன்றளவும் கம்பித் தடுப்புக்குள் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

1662இல் கோட்டையை முற்றுகையிட்ட டச்சுக்காரருக்கு யூதர்கள் துணை நின்றார்களென்று சினங்கொண்ட போர்த்துக்கீசியர், ஜூ டவுனைச் சூறையாடி ஜெபாலயத்தையும் பாழாக்கினர். மறு ஆண்டு கொச்சி டச்சுக்காரர் வசமாயிற்று. யூதர்கள் தங்கள் ஜெபாலயத்தை மீண்டும் எழுப்பிக்கொள்ள வழிபிறந்த அதே வெற்றியினால், கோட்டைக்குள்ளிருந்த கத்தோலிக்கர் தங்கள் ஆலயங்களை இழந்தனர். இவ்வாலயம் ஒன்றை மட்டும் டச்சுக்காரர் தங்கள் சீர்திருத்த சபையின் ஆராதனைக்கென வைத்துக்கொண்டனர்.

1795இல் கொச்சியைக் கைப்பற்றிய ஆங்கிலேயரின் ஆட்சியில், 1804ஆம் ஆண்டு டச்சுக்காரர் தாமே முன்வந்து ஆலயத்தை ஆங்கிலிக்கன் சபையிடம் ஒப்படைத்தனர். அத்தியட்சர்களின் ஆளுகைக்குட்பட்ட அச்சபையின் காலத்தில்தான் புனித பிரான்சிஸ் என்னும் நாமம் நிலைத்தது. அக்காலத்திலேயே, அச்சபையின் குருவான கிளாடியஸ் புக்கானன் கொச்சி யூதரிடையே எபிரெயச் சுவடிகளைத் தேடிச் சேகரித்துக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். 1923இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பெற்ற இவ்வாலயம், 1947 முதல் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்ததாயிற்று.

உள்ளே சென்றால், உத்தரத்திலிருந்து தொங்கும் பங்கா எனப்படும் நீண்ட துணி விசிறிகளையும், வெளியில் நின்று அவற்றை இழுப்பதற்கான கயிறுகளையும் காணலாம். தரையிலிருந்து பெயர்த்தெடுத்த சமாதிக் கற்களை, போர்த்துக்கீசியருடையவற்றை வடசுவரிலும் டச்சுக்காரருடையவற்றைத் தென்சுவரிலுமாகப் பதித்திருக்கிறார்கள். குலச்சின்னங்கள் பொறித்த அக்கற்களில் எழுத்துக்கள் இன்னும் புலப்படுகின்றன. 1751 முதல் 1804 வரையிலான டச்சு ஞானஸ்நான, விவாகப் பதிவேடும் பேணப்பட்டு வருகிறது.

போரிலே பகைவராயிருந்தோரின் சமாதிக் கற்களை எறிந்துவிடாமல் எதிரெதிர்ச் சுவர்களில் நிறுத்திவைத்த பெருந்தகைமையே இவ்வாலயத்தின் தலையாய சிறப்பென்று நான் கருதுகிறேன். தரங்கம்பாடி முதலிய நம் கடற்கரை ஊர்களிலும் பழைய ஆலயங்கள் பல உள. அவற்றின் பதிவேடுகளைச் செல்லுக்கும் ஈரத்துக்கும் இரையாக்காமல் காப்பது, எச்சமயத்தவராயினும் அவ்வூரார் அனைவருக்கும் உரிய கடமையாகும்.