ஜகரண்டா

அர்ஜென்டினாவின் வடமேற்கிலும் பொலிவியாவின் தெற்கிலும் இயல்பாக வளரும் மரம். உலகின் வெப்பநாட்டு நகரங்களில் சாலையோரம் நடப்படுவது பெரும்பாலும் இந்த மிமோசிஃபோலியா இனமே. இதற்கு அறிவியல் பெயர் சூட்டியவர் டேவிட் டான், ஆண்டு 1822. புதுத்தழை விரியுமுன் குழல் வடிவ ஊதாப் பூக்கள் கொத்துக்கொத்தாகப் பூத்து மொட்டைக் கிளைகளை மூடிவிடும். பலகையோ பழமோ கருதி யாரும் இதைக் கொண்டுபோகவில்லை. கடல் கடந்து பரவியது பூவுக்காகவே.

பிரிஸ்பேன் தாவரவியல் பூங்காவில் 1864இல் வால்டர் ஹில் நட்டதே ஆஸ்திரேலியாவின் முதல் ஜகரண்டா என்பர். அதன் நிழலில் இருவர் தேநீர் அருந்தும் காட்சியை காட்ஃப்ரி ரிவர்ஸ் 1903இல் வரைந்தார். மரம் பின்னாளில் புயலில் சாய்ந்தது. ஓவியம் குவீன்ஸ்லாந்து கலைக்கூடத்தில் இருக்கிறது. கிராஃப்டன் ஊரில் 1930களில் தொடங்கிய ஜகரண்டா விழா இன்றும் நடக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில்தான் இம்மரத்தின் புகழும் பழியும் ஒருங்கே வளர்ந்தன. 1888இல் செலியர்ஸ் என்பவர் ரியோ டி ஜெனிரோவிலிருந்து வந்த இரு கன்றுகளைத் தம் தோட்டத்தில் வைத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெருத்தெருவாக நடப்பட்டு, ஊருக்கே ‘ஜகரண்டா நகரம்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் சிறகுடைய விதைகள் காற்றில் பறந்து ஊருக்கு வெளியேயும் முளைத்தன. உள்ளூர்த் தாவரங்களை நெருக்கின. அரசு இதை அயல் ஆக்கிரமிப்பு இனமாக அறிவித்தது. வீதியில் நிற்கும் மரங்களை விட்டுவைத்துப் புதிதாக நடுவதை மட்டும் தடுத்தது நியாயமான சமரசமே.

மெக்சிகோ நகரின் கதை வேறு. 1930களின் தொடக்கத்தில் அங்கே செர்ரி மரங்களை நட அரசு விரும்பியது. போதிய குளிர் இல்லாததால் அவை பூக்காது என்று தடுத்தவர் ஜப்பானியத் தோட்டக்கலைஞர் தட்சுகோரோ மட்சுமோட்டோ. அவர் பரிந்துரைத்த ஜகரண்டாவே இன்று அந்நகரின் வசந்த அடையாளம். தம் நாட்டுப் பெருமையைவிட மண்ணின் இயல்பை மதித்த ஆலோசனை அது.

இந்தியாவில் பெங்களூருவின் சாலைகளிலும் பூங்காக்களிலும் இதைக் காணலாம். தமிழகத்தில் நீலகிரியின் மலைச்சாலைகளில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பூத்து நிற்கும். சமவெளியில் வளர்ந்தாலும் அந்த அளவுக்குப் பூப்பதில்லை.

தாயகத்தில் காடுகள் விளைநிலமாக மாற்றப்பட்டதால், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் இது அழிய வாய்ப்புள்ள இனமாக வைக்கப்பட்டுள்ளது.