நிப்பிளுக்கும் ஒரு சரித்திரம் உண்டு

கோவண்டி ஸ்டேஷன் பக்கம் மருந்துக் கடையில் கேட்டால் பால் புட்டியின் நிப்பிள் தனியாகவே கிடைக்கும். இந்தச் சின்னத் துண்டுக்கு நாடாளுமன்றம் வரை போன ஒரு கதை இருக்கிறது மக்களே.

ரப்பர் வருவதற்கு முன்னால் ஐரோப்பாவில் தோல், துணி, ஏன், பதப்படுத்திய பசுக்காம்பைக்கூட புட்டி வாயில் கட்டியிருக்கிறார்கள். (உவ்வே!) 1845ல் நியூயார்க்கைச் சேர்ந்த எலைஜா பிராட் ரப்பர் காம்புக்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்து வந்ததுதான் வில்லன்: நீளமான ரப்பர் குழாய் வைத்த புட்டி. பிள்ளையைப் படுக்கப்போட்டு நுனியை வாயில் கொடுத்துவிட்டால் அது பாட்டுக்குக் குடிக்கும், அம்மா வேலையைப் பார்க்கலாம். ஆனால் அந்தக் குழாயை யாரால் கழுவ முடியும்? உள்ளேயே பால் புளித்து, கிருமி பெருகி, பிள்ளைகள் செத்தன. இங்கிலாந்தில் 'கொலைகாரப் புட்டி' என்றே பெயர். 1910ல் பிரான்ஸ் சட்டம் போட்டு அதைத் தடை செய்தது.

நம் பாட்டிமார் வைத்திருந்த சங்கையும் பாலாடையையும் இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒளிந்துகொள்ள ஒரு மூலை கிடையாது. விரலை விட்டுத் தேய்த்தால் முடிந்தது.

1981ல் உலக சுகாதார மாநாட்டில் பால்மாவு, புட்டி, நிப்பிள் விற்பனைக்கு நெறிமுறை வந்தது. ஆதரவு 118, எதிர்ப்பு 1. அந்த ஒன்று அமெரிக்கா! நம் நாட்டில் 1992ல் சட்டம் வந்தது. 1993 ஆகஸ்ட் 1 முதல் அமல். புட்டிக்கு விளம்பரம் கூடாது, வாங்கத் தூண்டும் இலவசம் கூடாது. 'புட்டி' என்பதற்கான விளக்கத்தில் நிப்பிளையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். மீறினால் வழக்குப் போட அதிகாரம் பெற்ற அமைப்புகளில் மும்பையின் 'ஆகாஷ்' ஒன்று. குழந்தை மருத்துவர் ஆர்.கே.ஆனந்த் இருந்த அமைப்பு அது. 2003ல் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள்.

தாராவிக்கும் கோவண்டிக்கும் பெரியாஸ்பத்திரியான சயானில் 1989லேயே தாய்ப்பால் வங்கி தொடங்கியாயிற்று. ஆசியாவிலேயே முதல் வங்கி என்பார்கள். உறிஞ்சத் தெரியாத குறைமாதப் பிள்ளைகளுக்கு நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் இன்றும் பாலாடைதான் கைகொடுக்கிறது.

காரணம் பெரிய தத்துவமில்லை, தண்ணீர். சிவாஜி நகர், பைங்கன்வாடிப் பக்கம் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கும் வீடுகள் ஏராளம். தினம் ஆறு தடவை புட்டியைக் கொதிக்கவைக்க காஸுக்கு எங்கே போவது?

புட்டி கொடுத்தே ஆகவேண்டிய வீடும் இருக்கிறது, அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நிப்பிளைக் கழற்றி, உட்புறத்தை வெளியே திருப்பி, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவிவிட்டு அப்புறம் கொதிக்கவையுங்கள். கழுவாமல் கொதிக்கவைத்தால் பால் ஆடை ஒட்டிக்கொள்ளும். சிலிகான் சூடு தாங்கும். மஞ்சள் ரப்பர் சீக்கிரம் பிசுபிசுத்துப்போகும். புட்டியைக் கவிழ்த்தால் பால் சொட்டுச் சொட்டாக விழவேண்டும், ஒழுகக்கூடாது. ஓட்டை போதவில்லையென்று ஊசியைக் காய்ச்சிக் குத்தாதீர்கள். விரிசல் விட்டால் அன்றைக்கே குப்பையில் போடுங்கள்.